புதுத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு?



விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரையில் முதல் மரத்தின் முன் போய் நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. லாபிஸ் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனாலும் அந்தக் காலை நேரத்தை மறக்க முடியுமா?

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். கடையிலிருந்து வாங்கி வந்த புதுக் கத்தியை அப்படியே நல்ல மரத்தில் வைப்போமா? மாட்டோம். முதலில் தீட்டுவோம். ஓரத்து மரத்தில் சீவிப் பார்ப்போம். கைக்கு ஒத்து வருகிறதா, பட்டைக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நிரைக்குள் போவோம். ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம். மேலாகச் சீவினால் மங்கில் பால் விழாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அந்த அளவை அரையிருட்டில், அளவுகோல் எதுவும் இல்லாமல், கை உணர்வாலேயே பிடித்தவர்கள் நம்மவர்கள்.

அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பிள்ளைக்குக் குறி சுடும் விளையாட்டு ஒத்துவராது என்று யார் சொல்ல முடியும்?

உங்கள் மகளோ மகனோ பள்ளியிலிருந்து ஒரு நாள் ஓடி வந்து, "அப்பா, என்னைக் குறி சுடும் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்!" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் சங்கத்தின் பழைய துப்பாக்கியில் பழகுகிறாள். நன்றாகச் சுடுகிறாள். பிறகு புதிய துப்பாக்கி ஒன்று அவள் கைக்கு வருகிறது. வீடே மகிழ்கிறது. ஆனால் அடுத்த வாரமே அவள் முகம் வாடிப்போகிறது. பழைய துப்பாக்கியில் ஒழுங்காக நடுவில் விழுந்த குண்டு, புதியதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுகிறது.

"எனக்குக் கை நடுங்குகிறது அம்மா. நான் விட்டுவிடுகிறேன்" என்கிறாள்.

அவசரப்படாதீர்கள்! குற்றம் அவள் கையில் இல்லாமல் இருக்கலாம். குண்டில் இருக்கலாம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது நமக்கு எட்டாத விளையாட்டா?

துப்பாக்கி என்றதும் சில தாய்மார்களுக்கு நெஞ்சு படபடக்கும். அது நியாயந்தான். ஆனால் நாம் பேசப் போவது வேட்டையைப் பற்றி அல்ல. பத்து மீட்டர் தூரத்தில் உள்ள ஓர் அட்டையை, காற்றின் அழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கியால் சுடும் ஒலிம்பிக் விளையாட்டைப் பற்றி. ஆண், பெண், உயரம், பருமன் என்ற வேறுபாடு இதில் பெரிதாக எடுபடாது. நிதானம் உள்ளவர் வெல்வார்.

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசியாவின் நூர் சூரியானி இந்தப் போட்டியில் கலந்துகொண்டார். அப்போது அவர் எட்டு மாதக் கர்ப்பிணி! வயிற்றில் பிள்ளையுடன் நின்று சுட்டார். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

தமிழ்ப் பெண் ஒருவரும் இந்த விளையாட்டில் கொடி நாட்டியிருக்கிறார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டு சீனாவின் புத்தியானில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம்! அவருக்குக் கைகொடுத்த பயிற்சிக்கூடத்தை நிறுவியவர் ககன் நாரங். அவரும் சென்னையில் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர்.

ஊசிமுனை அளவு புள்ளி

இந்தப் போட்டியின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் குண்டின் அருமை புரியும்.

அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். ஆம், அரை மில்லிமீட்டர்தான்! பென்சில் முனையால் தொட்டு வைத்த பொட்டு மாதிரி இருக்கும். அதைச் சுற்றி ஒன்றுக்கொன்று இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி வட்டங்கள். குண்டு நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் கூடுதலாக விலகினால் ஒரு புள்ளி குறையும். இப்போதெல்லாம் தசமக் கணக்கிலும் புள்ளி தருகிறார்கள். மிகச் சரியாக நடுவில் விழுந்தால் 10.9. கால் மில்லிமீட்டர் விலகினால் தசமத்தில் ஒன்று போய்விடும்.

ஒருவர் 60 குண்டுகள் சுட வேண்டும். எல்லாமே 10.9 ஆக இருந்தால் மொத்தம் 654. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இளவேனில் பெற்றது 630.7. எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். இவர் பத்தாவதாக வந்தார். எட்டாம் இடத்துக்கும் இவருக்கும் இடையே ஒரு முழுப் புள்ளிகூட இல்லை. அறுபது குண்டுகளில் ஒரே ஒரு குண்டு இரண்டரை மில்லிமீட்டர் நெருங்கி விழுந்திருந்தால் கதையே வேறு!

அவர் தவறியதற்குக் குண்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த உயரத்தில் எவ்வளவு சிறிய இடைவெளி ஒருவரை உள்ளே வைக்கிறது, வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் காட்டுகிறேன். துப்பாக்கிக்கு ஒத்துவராத குண்டு, பிள்ளை என்னதான் நிதானமாகச் சுட்டாலும், ஒவ்வொரு தடவையும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அலைய வைத்துவிடும். அப்போது உழைப்பு எங்கே போகும்?

சின்னக் குண்டுக்குள் என்ன இருக்கிறது?

காற்றுத் துப்பாக்கிக் குண்டு மெதுவான ஈயத்தால் ஆனது. குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய அரைக் கிராம். உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கியிருக்கும். முன்பக்கம் தட்டை. அதனால்தான் அட்டையில் ஓரம் பிசிறாமல் வட்டமாக ஓட்டை விழுகிறது. பின்பக்கம் உள்ளே குடைந்திருக்கும். அதைப் பாவாடை என்கிறார்கள். காற்றின் அழுத்தம் பின்னால் வந்து மோதியதும் அந்தப் பாவாடை சற்றே விரிந்து, குழலின் சுவரை அடைத்துக்கொண்டு ஓடும்.

குழலின் உள்ளே திருகாணிப் புரி மாதிரி நெளிந்து செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டு அந்தப் புரியில் சிக்கிச் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டும் ஆடாமல் நேரே போகும்.

இப்போது கவனியுங்கள். ஒரே ஆலையில், ஒரே மாதிரியில் செய்த இரண்டு துப்பாக்கிகளின் குழல்கள்கூட மிகச் சிறிதளவு வேறுபடலாம். ஆகவே குண்டு செய்பவர்களும் ஒரே வகைக் குண்டைத் தலையளவு மாற்றிச் செய்கிறார்கள். டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆர்.டபிள்யு.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. என்று பல பெயர்களில் போட்டிக் குண்டுகள் கிடைக்கின்றன. எல்லாம் நல்லவைதான். ஆனால் எது உங்கள் பிள்ளையின் துப்பாக்கிக்கு நல்லது?

அதை நாம் சொல்ல முடியாது. கடைக்காரரும் சொல்ல முடியாது. அந்தத் துப்பாக்கிதான் சொல்ல வேண்டும்!

துப்பாக்கியைப் பேச வைப்பது எப்படி?

பயிற்சியாளரிடம் பணிவாகக் கேளுங்கள்: "ஐயா, இந்தத் துப்பாக்கிக்குக் குண்டைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டதா?" இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பெற்றவராக இருந்தால் போதும். சோதனையைப் பயிற்சியாளரின் கண்காணிப்பில், சுடுதளத்திலேயே செய்வார்கள். முறை இதுதான்.

முதலாவது, துப்பாக்கியை மனிதக் கையில் கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்கும் கருவியில் பூட்டுவார்கள். அப்போதுதான் கைநடுக்கம் கணக்கில் சேராது. அதன் பிறகு அட்டையில் தெரிவது துப்பாக்கியும் குண்டும் செய்த வேலை மட்டுமே.

இரண்டாவது, இரண்டு மூன்று வகைக் குண்டுகளை, வெவ்வேறு தலையளவில், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். குழல் புதிய குண்டுக்குப் பழக வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டுகளை ஒரே அட்டையில் சுடுவார்கள். பத்தும் சேர்ந்து ஒரு கூட்டமாக விழும். அந்தக் கூட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளந்து, குண்டின் 4.5 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டால் மீதி வருவதுதான் சிதறல். எடுத்துக்காட்டாக, அளவு 6 மில்லிமீட்டர் என்றால் சிதறல் ஒன்றரை. 8 மில்லிமீட்டர் என்றால் சிதறல் மூன்றரை. எது சிறியதோ அதுவே ஒத்துவரும் குண்டு.

கூட்டம் நடுவில் விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இறுக்கமாக ஒரே இடத்தில் விழுந்தால் போதும். அதை நடுவுக்குக் கொண்டுவரக் குறிநோக்கியைத் திருகினால் சரியாகிவிடும். சிதறி விழுவதைத் திருகாணி சரிசெய்யாது.

நான்காவது, ஓர் அட்டையை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஒரு நாள் பாலின் அளவை வைத்து ஒரு மரத்தை மதிப்பிட முடியுமா? மழை பெய்த மறுநாள் ஒரு மாதிரி, இலை உதிரும் காலத்தில் வேறு மாதிரி அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஐந்து குண்டுகள் தற்செயலாக ஒன்றாக விழுந்துவிடலாம். மூன்று அட்டைகளாவது ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

ஐந்தாவது, கருவியில் வென்ற குண்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துச் சுடச் சொல்வார்கள். அப்போது எந்த டப்பா என்று பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. விலை உயர்ந்தது என்று தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும். மலிவானது என்று தெரிந்தால் மனம் தளரும். பெயர் தெரியாமல் சுட்டால் உண்மை வெளியே வரும்.

விலை உயர்ந்தது நல்லதா?

தோட்டச் சம்பளத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு உண்டு. ஆகவே இந்தக் கேள்வி நியாயமானது.

மிகவும் மலிவான குண்டுகளில் எடையும் வடிவமும் ஒன்றுக்கொன்று மாறுபடும். அது உண்மை. ஆனால் போட்டித் தரத்துக்கு வந்துவிட்ட பிறகு, கூடுதல் விலை கூடுதல் புள்ளி தரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நடுத்தர விலையில் உள்ள ஒரு டப்பா, உங்கள் பிள்ளையின் குழலுக்கு அச்சாகப் பொருந்திவிடலாம். ஆகவே சோதிக்கும் முன் மொத்தமாக வாங்காதீர்கள். சோதித்து முடிவு தெரிந்த பிறகு, அதே வகை, அதே தலையளவு, முடிந்தால் அதே தொகுதி எண் உள்ள டப்பாக்களைச் சேர்த்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு சிறு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். போட்டிக்கு 60 குண்டுகள். அதற்கு முன் குறி பார்த்துக்கொள்ளச் சுடுபவை தனி. ஒரு முழுப் பயிற்சிக்கு 100 குண்டு என்று வைத்தால், 500 குண்டு உள்ள டப்பா ஐந்து பயிற்சிக்குத்தான் வரும். பலர் பயிற்சிக்கு விலை குறைந்த குண்டையும் போட்டிக்குச் சோதித்த குண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் போட்டிக்குச் சில நாட்கள் முன்பே போட்டிக் குண்டுக்கு மாறிக் குறியைச் சரிபார்த்துவிட வேண்டும். போட்டி நாளன்று காலையில் மாற்றுவது கல்யாணத்தன்று காலையில் செருப்பு மாற்றுவது போல!

பெரிய துப்பாக்கிகளில் என்ன நடக்கிறது?

பிள்ளை வளர்ந்து 50 மீட்டர் போட்டிக்குப் போனால் அங்கே .22 ரைபிள் வரும். இது வெடிமருந்துத் தோட்டா. பித்தளைக் கூடு, பற்றவைக்கும் மருந்து, வெடிமருந்து, ஈயக் குண்டு ஆகிய நான்கும் ஆலையிலேயே ஒன்றாக்கப்பட்டு வரும். பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் இருப்பதால், சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவதில்லை. போட்டித் தோட்டாவின் குண்டு ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே பறக்கும்படி செய்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய், வழியில் வேகம் குறைந்து மறுபடி கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பதே காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது தொகுதி எண். ஒரே கைப்பக்குவத்தில் அரைத்த சாம்பார்த் தூள்கூடத் தடவைக்குத் தடவை கொஞ்சம் வேறுபடுகிறதல்லவா? தோட்டாவும் அப்படித்தான். ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஒரு தொகுதி உங்கள் குழலுக்குப் பொருந்தும், அடுத்த தொகுதி பொருந்தாது. இங்கிலாந்தின் எலி, பின்லாந்தின் லாப்புவா போன்ற நிறுவனங்கள், வீரர்கள் தங்கள் துப்பாக்கியையே கொண்டுவந்து பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை வாங்கிப் போக வசதி செய்து வைத்திருக்கின்றன.

அதற்கும் மேலே, 300 கஜத்திலிருந்து 1,000 கஜம் வரை சுடும் நெடுந்தூரப் போட்டிகள் உண்டு. அங்கே .308 போன்ற பெரிய தோட்டா. சட்டம் இடம் கொடுக்கும் சில நாடுகளில், உரிமம் பெற்ற வீரர்கள் தோட்டாவின் நான்கு உறுப்புகளையும் தனித்தனியே தேர்ந்தெடுத்துத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் அதைச் செய்யப் போவதில்லை. ஆனால் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

கூடு: எல்லாக் கூடுகளும் ஒரே ஆலையின் ஒரே தொகுதியாக இருக்கப் பார்க்கிறார்கள். உள் கொள்ளளவு மாறினால் அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் வேகம் மாறும். 1,000 கஜத்தில் வேகம் மாறிய குண்டு மேலேயோ கீழேயோ போய்விடும்.

பிரைமர் என்னும் பற்றவைக்கும் மூடி: ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பற்ற வேண்டும். அடுப்பு ஒரு நாள் சட்டென்று பற்றுகிறது, ஒரு நாள் புகைந்து புகைந்து பற்றுகிறது என்றால் சோறு ஒரே பக்குவத்தில் வருமா?

வெடிமருந்து: வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாத மருந்தைத் தேடுகிறார்கள். மருந்து சூடேறினால் அழுத்தம் கூடும். மருந்து செய்யும் ஆலை வெளியிடும் அளவுக்கு மேல் போவது உயிருக்கே ஆபத்து.

குண்டு: நான்கிலும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது இதுதான். குழலின் புரி எவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தே குண்டின் நீளமும் எடையும் அமைய வேண்டும். நீளமான குண்டுக்கு நெருக்கமான புரி வேண்டும். இல்லையென்றால் அது போதிய அளவு சுழலாமல் தள்ளாடும். இந்த வகைப் போட்டிகளில் .308 துப்பாக்கிக்கு ஏறக்குறைய பத்துக் கிராம், அதாவது 155 கிரெயின் எடையுள்ள குண்டு வழக்கமாகிவிட்டது. புதிய துப்பாக்கி வாங்குபவர் அந்தக் குண்டை மனத்தில் வைத்தே குழலின் புரியைத் தேர்ந்தெடுக்கிறார்.

சில போட்டிகளில் நடத்துபவர்களே எல்லோருக்கும் ஒரே தோட்டாவைக் கொடுத்துவிடுகிறார்கள். பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் சுட வேண்டும். அப்போது கையும் கண்ணுமே பேசும். எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்!

சட்டத்தை மறக்கலாகாது

இனி மிக முக்கியமான செய்தி. தயவுசெய்து இந்தப் பகுதியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே கொள்கிறது. "காற்றுத் துப்பாக்கிதானே, விளையாட்டுச் சாமான்தானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டமும் பாயும். அதன்படி 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி. தோட்டாவை வீட்டில் செய்து பார்ப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ஆகவே துப்பாக்கி, குண்டு எல்லாமே அங்கீகாரம் பெற்ற சங்கம் வழியாக, காவல் துறையின் அனுமதியோடுதான் வர வேண்டும். தபாலில் அனுப்புகிறேன், கைப்பேசியில் பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வீட்டில் எதை வைக்கலாம், எதைச் சங்கத்தின் ஆயுத அறையில்தான் வைக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாபிஸ் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை தெற்கே இறங்கியபோது, சிகாமட், லாபிஸ், யோங் பெங் வழியாகத்தான் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் பின்வாங்கின. பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலம். தோட்டங்களில் துப்பாக்கிக் காவல் நின்ற காலம் அது. அந்தக் காலத்துத் தோட்டாவோ குண்டோ இன்றும் மண்ணுக்குள் கிடக்கலாம். மண்வெட்டியில் எதுவாவது தட்டுப்பட்டால் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது, உடைத்துப் பார்க்கக் கூடாது. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, விலகி வந்து, போலீசுக்குச் சொல்ல வேண்டும். துருப்பிடித்தது செத்துப்போனது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய மருந்து புதியதைவிட நம்ப முடியாதது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

குண்டு ஈயம். ஈயம் நஞ்சு. இவ்வளவு ஈயம் சிறுவர் உடம்பில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே குண்டைத் தொட்ட கையால் உண்ணக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். களைக்கொல்லி மருந்து அடித்துவிட்டு வந்தால் எப்படிக் கழுவுவோமோ, அப்படி. சிலர் கை ஓயாமல் இருக்கக் குண்டை வாயில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை முதல் நாளே கண்டித்துவிடுங்கள். பயிற்சி உடையைத் தனியாகத் துவையுங்கள். கைக்குழந்தை உள்ள வீடானால் இரட்டைக் கவனம் வேண்டும்.

ஈயம் மெதுவானது. டப்பா கீழே விழுந்தால் பாவாடை நசுங்கிவிடும். நசுங்கிய குண்டு நேரே போகாது. செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் டப்பாவைக் குலுங்க விட்டுக் கொண்டுபோனால், நல்ல குண்டும் கெட்டுப்போகும். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் வெள்ளை பூத்துவிடும். ஆகவே மூடி இறுக்கி, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்

கடைசியாக, பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி, குண்டின் பெயர், தலையளவு, தொகுதி எண், சிதறல், புள்ளி ஆகியவற்றை ஒவ்வொரு பயிற்சிக்கும் எழுதி வரட்டும். நம் பெரியவர்கள் செக்ரோல் புத்தகத்தை எப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார்கள்? ஒரு நாள் பெயர் விட்டுப்போனாலும் கிராணியிடம் போய் நின்றார்கள் அல்லவா? அதே கவனம் இங்கேயும் வேண்டும். மூன்று மாதம் எழுதினால், புள்ளி குறைந்த நாளில் காரணம் குண்டா, கையா, மனமா என்பதை அந்தப் புத்தகமே சொல்லும்.

காரணம் கைதான் என்று தெரிந்தாலும் நல்லதே. அப்போது எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. கெட்டது எதுவென்றால், காரணம் தெரியாமலே ஒரு பிள்ளை தன்னைத்தானே நொந்துகொண்டு துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவதுதான்.

நம் தோட்டப் பிள்ளைகள் இப்படிக் கீழே வைத்தவை கொஞ்சமா? பாட்டு, பந்து, படிப்பு... "நமக்கு வராது" என்ற ஒரே சொல்லில் எத்தனை திறமைகள் லயத்து வாசலிலேயே நின்றுவிட்டன! பல நேரங்களில் பிள்ளையிடம் குறை இருக்கவில்லை. அவர்கள் கையில் கொடுத்த கருவி ஒத்துவரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

ஆகவே, அடுத்த தடவை மகள் முகம் வாடி வந்தால், "உனக்கு இது வராது" என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "கத்தியைத் தீட்டிப் பார்த்தாயா அம்மா?" என்று கேளுங்கள். அவளுக்குப் புரியும்.